சிரித்தவர்களுக்கு ஒரு பாடப்புத்தகம்

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆசிரியர்கள் கூடியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. உயிரியல் படிக்க வரும் ஒவ்வொரு மாணவரும் எந்தெந்தப் பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பேச்சு. மரபியல், உடலியங்கியல் போன்றவை பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. முப்பதுகளின் நடுவில் இருந்த ஒரு விலங்கியல் ஆசிரியர், எகாலஜியையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றார். சகாக்கள் சிரித்தார்கள். எகாலஜியா? வெளியே போய்ப் பூச்சி பிடிப்பது, பறவை பார்ப்பது, செடிகளின் பெயரை எழுதிக்கொண்டு வருவது. அதில் கற்றுக்கொடுக்கக் கோட்பாடு என்ன இருக்கிறது?

அந்த ஆசிரியருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அறைக்குத் திரும்பி, அந்தக் கோட்பாடுகள் என்னென்ன என்று தாளில் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்தபோது அது புத்தகமாகியிருந்தது. 1953ல் பிலடெல்பியாவின் சாண்டர்ஸ் பதிப்பகம் வெளியிட்ட அந்தப் புத்தகத்தின் பெயர் 'ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் எகாலஜி'. ஆசிரியர் யூஜின் ஓடம்.

இந்தியாவில் தாவரவியலோ விலங்கியலோ முதுகலை படித்தவர்களிடம் புத்தகத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 'ஓடம்' என்றால் போதும். தமிழ்க் காதுக்கு அது படகு. நூலகத்தில் அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டி, கைமாறிக் கைமாறி வந்த பிரதிகளைப் பார்த்தால் ஒரு தலைமுறையே அதில் ஏறிக் கரை கடந்திருக்கிறது என்று நம்பலாம். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. வெளிவந்து ஏறக்குறைய பத்து வருடங்களுக்கு அதற்குப் போட்டியாகச் சொல்லும்படி வேறு பாடப்புத்தகம் இல்லை.

பாடப்புத்தகம் எழுதுகிறவர்களை அறிவியல் உலகம் சற்றுக் கீழே வைத்துத்தான் பார்க்கும். கண்டுபிடிப்பவர் ஒருவர், தொகுத்து விற்பவர் இன்னொருவர் என்ற எண்ணம். ஓடமின் விஷயத்தில் அந்தக் கணக்கு சரிவரவில்லை. ஒரு துறை இருந்தது, அதற்கு அவர் புத்தகம் எழுதினார் என்பதைவிட, அவர் புத்தகம் எழுதினார், அதனால் அது துறையாயிற்று என்பதே பொருத்தம்.

ஓடம் 1913 செப்டம்பர் 17ல் பிறந்தவர். வளர்ந்தது வட கரோலினாவின் சாப்பல் ஹில் என்ற பல்கலைக்கழக ஊரில். தந்தை ஹோவர்ட் வாஷிங்டன் ஓடம் பெயர்பெற்ற சமூகவியல் அறிஞர். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் வறுமையையும் நிறவெறியையும் தனித்தனியே பார்க்கக்கூடாது, நிலம், பயிர், கல்வி, மக்கள் எல்லாவற்றையும் ஒரு வட்டாரமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டவர். 'முழுமையைப் பார்' என்ற பாடம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்திருக்க வேண்டும். இரண்டு மகன்களும் அதைத்தான் பிற்பாடு குளத்திலும் காட்டிலும் செய்தார்கள்.

சிறுவயதில் யூஜினுக்குப் பித்து பறவைகள். பள்ளிப் பருவத்திலேயே நண்பர் ஒருவருடன் சேர்ந்து உள்ளூர்ப் பத்திரிகையில் பறவைகளைப் பற்றிப் பத்தி எழுதியிருக்கிறார். ஆனால் பெயர்ப் பட்டியலோடு திருப்தியடையவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1939ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் பறவையின் இதயத் துடிப்பை அளந்தார். பறவையைப் பிடித்துக் கையில் வைத்தால் பயத்திலேயே துடிப்பு எகிறிவிடும். எனவே கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவையின் துடிப்பை, அதற்குத் தெரியாமலே பதிவு செய்யும் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டார். உயிர் எப்படி இயங்குகிறது, எவ்வளவு செலவழிக்கிறது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது. ஒரு பறவைக்குக் கேட்ட கேள்வியைப் பின்னாளில் ஒரு குளம் முழுவதற்கும் கேட்டார், அவ்வளவுதான்.

1940ல் ஜார்ஜியாவுக்கு வந்தவர், கடைசி வரை அங்கேயே இருந்தார்.

1953ன் புத்தகத்தில் என்ன புதுமை? அதற்கு முந்தைய நூல்கள் கீழிருந்து மேலே போயின. ஒரு செடி, ஓர் உயிரினம், அதன் கூட்டம், பிறகு பல உயிரினங்கள் கூடிய சமூகம். ஓடம் தலைகீழாக்கினார். முதல் பக்கங்களிலேயே 'எகோசிஸ்டம்', அதாவது சூழல் மண்டலம். இந்தச் சொல்லை உருவாக்கியவர் அவரல்ல. பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935லேயே பயன்படுத்திவிட்டார். ரேமண்ட் லிண்ட்மன் என்ற இளைஞர் மின்னசோட்டாவில் ஒரு சிறிய ஏரியை வருடக்கணக்கில் ஆராய்ந்து, உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் எப்படிக் குறைகிறது என்று 1942ல் எழுதினார். கட்டுரை அச்சில் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 26 வயதில் இறந்துபோனார். இவையெல்லாம் ஆய்விதழ்களுக்குள் கிடந்தன. வகுப்பறைக்கு வரவில்லை. கொண்டுவந்தவர் ஓடம்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு குளம். நீர், அதில் கரைந்த உப்புகள், கண்ணுக்குத் தெரியாத பாசி, அதைத் தின்னும் நுண்பூச்சி, பூச்சியைத் தின்னும் மீன், செத்தவற்றையெல்லாம் மீண்டும் உப்பாக்கும் அடிச்சேற்று பாக்டீரியா. இதில் எதையும் தனியே எடுத்துப் புரிந்துகொள்ள முடியாது. உயிருள்ளதும் உயிரற்றதும் ஒரே கணக்கில் வரவு செலவு. இன்று இந்தியப் பள்ளிப் பாடநூல்களில் சூரியன், தாமரை, தவளை, மீன், அம்புக்குறிகளோடு வரும் குளத்துப் படம் எல்லோருக்கும் பரிச்சயம். அந்தப் படத்தின் வம்சாவளியைத் தேடிக்கொண்டே போனால் பெரும்பாலும் ஓடமின் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

புத்தகத்தின் இன்னொரு படமும் புகழ்பெற்றது. பத்து ஏக்கரில் குதிரைமசால் பயிர். அதை மேய்ந்து வளரும் கன்றுகள். கன்றின் இறைச்சியை மட்டுமே ஒரு வருடம் சாப்பிடும் பன்னிரண்டு வயதுப் பையன். கணக்கு இப்படிப் போகிறது. இரண்டு கோடிச் செடிகள், நாலரைக் கன்று, ஒரு பையன். எடையில் பார்த்தால் பயிர் 8,211 கிலோ, கன்றுகள் 1,035 கிலோ, பையன் 47 கிலோ. ஆற்றலில் பார்த்தால் இன்னும் அதிர்ச்சி. நிலத்தில் விழும் வெயில் 6,300 கோடி கிலோ கலோரி. பயிரில் தங்குவது 1.49 கோடி. கன்றில் 11.9 லட்சம். பையனின் உடம்பில் கடைசியில் சேர்வது 8,300. நாலரைக் கன்று என்ற அந்த அரைக் கன்றைப் பார்த்துச் சிரிக்காத மாணவர் இருக்க முடியாது. ஆனால் படத்தை ஒருமுறை பார்த்தவர், இறைச்சி ஏன் விலை அதிகம், புலிகள் ஏன் எப்போதும் குறைவு, பெருகும் மக்கள்தொகை ஏன் தானியத்தை நோக்கித் தள்ளப்படுகிறது என்று தானே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். நல்ல பாடப்புத்தகத்துக்கு இதைவிட வேறு இலக்கணம் தேவையில்லை.

ஆற்றல் பற்றிய இந்த அத்தியாயத்தில் இன்னொரு ஓடமின் கை இருக்கிறது. பதினொரு வயது இளைய தம்பி ஹோவர்ட் தாமஸ். யேல் பல்கலைக்கழகத்தில் ஈவ்லின் ஹட்சின்சனிடம் படித்தவர். லிண்ட்மனும் கடைசிக் காலத்தில் இருந்தது அதே ஹட்சின்சனிடம்தான். போர்க் காலத்தில் பனாமாவில் வானிலை ஆய்வாளராக இருந்த தம்பிக்கு, காற்றும் மழையும் போலவே காடும் குளமும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களாகத் தெரிந்தன. ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றை அவர் ஆராய்ந்து 1957ல் வெளியிட்ட ஆற்றல் வரவு செலவு பிற்பாடு எல்லாப் பாடநூல்களுக்கும் போயிற்று. அதில் ஒரு சுவாரஸ்யம். கண்ணாடித் தரைப் படகுகளில் சுற்றுலா வருகிறவர்கள் மீன்களுக்குப் போடும் ரொட்டித் துண்டுகளையும் அவர் விடாமல் வரவில் எழுதியிருக்கிறார். அண்ணன் பொறுமையான ஆசிரியர், தம்பி பொறுமையில்லாத மேதை என்று சொல்லலாம். 1959ல் வந்த இரண்டாம் பதிப்பின் முகப்பில் தம்பியின் பெயரும் இடம்பெற்றது.

இந்தக் கதையில் வசதியாக மறக்கப்படும் பகுதி ஒன்று உண்டு. பணம் எங்கிருந்து வந்தது?

1950ல் அமெரிக்க அணுசக்தி ஆணையம், ஹைட்ரஜன் குண்டுக்கான மூலப்பொருட்களைத் தயாரிக்கத் தெற்கு கரோலினாவில் சவன்னா ஆற்றங்கரையில் ஏறக்குறைய 300 சதுர மைல் நிலத்தை எடுத்துக்கொண்டது. எல்லென்டன் உள்ளிட்ட ஊர்கள் காலியாயின. சுமார் 6,000 பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். சிலர் வீடுகளையே பெயர்த்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆலை வருவதற்கு முன் அங்கிருக்கும் உயிரினங்களைக் கணக்கெடுக்க ஆணையம் விரும்பியது. ஓடம் பெரிய தொகை கேட்டார். கிடைத்தது அதில் சிறு பங்கு. ஏற்றுக்கொண்டு 1951ல் மாணவர்களோடு இறங்கினார். விவசாயிகள் விட்டுப்போன பருத்தி, சோள வயல்கள் அவருக்கு ஆய்வகமாயின. உழவு நின்ற நிலத்தில் முதல் வருடம் என்ன களை முளைக்கிறது, பிறகு என்ன புல், எப்போது பைன் மரம் தலைகாட்டுகிறது என்று வருடா வருடம் அளந்தார். கதிரியக்கப் பாஸ்பரஸைச் செடியில் செலுத்தி, அது எந்தப் பூச்சியின் உடம்பில் எத்தனை நாளில் தோன்றுகிறது என்று பின்தொடர்ந்தார்கள். உணவுச் சங்கிலி என்பது அதுவரை கண்ணால் பார்த்துச் சொன்ன விஷயம். இப்போது அது எண்ணிச் சொல்லக்கூடியதாயிற்று.

1954 கோடையில் சகோதரர்கள் இருவரும் பசிபிக் பெருங்கடலின் எனிவெடாக் பவளத் தீவுக்குப் போனார்கள். அங்கே 1952 நவம்பர் 1ல் முதல் ஹைட்ரஜன் வெடிப்பு நடந்து, எலுகெலாப் என்ற தீவுத் துண்டே காணாமல் போயிருந்தது. 1948 முதல் 1958 வரை எனிவெடாக்கில் வெடிக்கப்பட்டவை 43. பவளப் பாறையின் மேல் ஓடும் நீரில், வந்து சேரும் இடத்திலும் விட்டுப் போகும் இடத்திலும் ஆக்சிஜனை அளந்து, அந்தப் பாறை முழுவதும் ஒரே உயிரைப் போல எவ்வளவு உண்டாக்குகிறது, எவ்வளவு சுவாசிக்கிறது என்று கணக்கிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. சத்துக் குறைந்த வெறும் நீலக் கடலின் நடுவே இத்தனை உயிர் எப்படி என்ற புதிருக்கு, பவளமும் அதன் உடம்புக்குள் வாழும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனமே விடை என்று காட்டினார்கள். 1956ல் அமெரிக்கச் சூழலியல் சங்கத்தின் மெர்சர் விருது இந்த ஆய்வுக்குக் கிடைத்தது.

அருமையான அறிவியல்தான். ஆனால் அந்தத் தீவின் மக்கள் 1947 டிசம்பரிலேயே உஜெலாங் என்ற சிறு தீவுக்கு அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். 1980ல்தான் திரும்பினார்கள். பவளத்துக்கும் பாசிக்கும் இடையேயான உறவை அவ்வளவு நுட்பமாக அளந்த கண்களுக்கு, அந்தச் சூழல் மண்டலத்திலிருந்து கழிக்கப்பட்ட மனிதர்கள் கணக்கில் வரவில்லை. எல்லென்டன் விவசாயிகளும் அப்படித்தான். அணைக்காகவும் சுரங்கத்துக்காகவும் புலிக்காகவும் ஊர்களைக் காலி செய்து பழகிய இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு இந்த இடைவெளி சட்டென்று கண்ணில் படும்.

ஓடமைப் புத்தகத்தை விட்டு வெளியே இழுத்துவந்தது ஜார்ஜியாவின் கடற்கரை. நூறு மைல் நீளம்தான். ஆனால் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மிச்சமிருக்கும் உப்புச் சதுப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கோரை போன்ற ஒரே புல், சேறு, கொசு, நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல். வீணாகக் கிடக்கும் நிலம் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் மனை, வெட்டினால் துறைமுகம். புகையிலை வியாபாரக் கோடீசுவரர் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் ஜூனியருக்குச் சபேலோ தீவில் இருந்த மாட்டுத் தொழுவத்தில், 1953ல் ஒரு கடல் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. தொழுவத்திலிருந்து பிறந்த ஆய்வுகள் சதுப்பு நிலம் நல்ல வயலைவிட அதிகம் விளைவிக்கிறது என்று காட்டின. உழுவதும் உரமிடுவதும் ஓதம் பார்த்துக்கொள்கிறது. அலையே கூலியில்லாத வேலையாள். புல்லை நேராகத் தின்பவை குறைவு. அது செத்து மக்கி, அந்த மக்கலைத்தான் இறாலும் நண்டும் மீன் குஞ்சும் நம்பியிருக்கின்றன.

1968ல் ஒரு சுரங்க நிறுவனம் அந்தக் கரையோரத்தின் அடியில் இருக்கும் பாஸ்பேட்டைத் தோண்ட அனுமதி கேட்டது. மாநிலம் பல்கலைக்கழக அறிஞர்களைக் கருத்துக் கேட்டது. சபேலோவில் பதினைந்து வருடமாக அளந்து வைத்த எண்கள் அப்போது கைகொடுத்தன. சுரங்கம் வரவில்லை. அதோடு நிற்கவில்லை. பிரன்ஸ்விக் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ரீட் ஹாரிஸ் கொண்டுவந்த கடலோரச் சதுப்புப் பாதுகாப்புச் சட்டம் 1970ல் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸ். நிறவெறிக்குப் பெயர்போன அவரைச் சுற்றுச்சூழல்வாதி என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. இறால் பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் தோட்டக்கலைச் சங்கத்துப் பெண்மணிகளும் சேர்ந்து கொடுத்த நெருக்கடி அப்படி.

பிறகு ஓடம் சற்றுத் துணிந்துவிட்டார். 1974ல் இருவருடன் சேர்ந்து எழுதிய அறிக்கையில் சதுப்பு நிலத்துக்கு விலையே போட்டார். மீன், கழிவுநீர் சுத்திகரிப்பு, உயிர்களைத் தாங்கும் வேலை எல்லாவற்றையும் பணமாக்கினால் ஏக்கருக்கு 80,000 டாலருக்கு மேல். பொருளாதார நிபுணர்கள் பாய்ந்தார்கள். யாரும் வாங்க முன்வராத விலை எப்படி விலையாகும், ஆற்றலை டாலராகப் பெருக்குவது என்ன நியாயம் என்றார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. சதுப்பு ஒவ்வொன்றும் கடலுக்குச் சத்தை அனுப்புகிறது என்று அவர் சொன்னதும் எல்லா இடத்திலும் பொருந்தவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. சில சதுப்புகள் கொடுப்பதைவிட வாங்குவது அதிகம். ஆனால் இன்று காட்டுக்கும் ஏரிக்கும் பணமதிப்பு போடுவது உலகெங்கும் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அந்தத் தொழிலின் முன்னோடிகளில் அந்த 1974 அறிக்கையும் ஒன்று.

பெரிய சண்டை வேறிடத்தில் வந்தது. 1969 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் ஓடம் எழுதிய கட்டுரை, சூழல் மண்டலம் ஒரு குழந்தையைப் போல வளர்ந்து முதிர்கிறது என்றது. இளமையில் விளைச்சல் அதிகம், நிலைத்தன்மை குறைவு. முதுமையில் விளைச்சல் குறைவு, பாதுகாப்பு அதிகம். இருபத்துநான்கு குணங்களைப் பட்டியல் போட்டு இரண்டையும் ஒப்பிட்டார். மனிதன் விரும்புவது இளமையை, அதாவது வயலை. இயற்கை போய்ச் சேர விரும்புவது முதுமையை, அதாவது காட்டை. இரண்டும் ஒரே நிலத்தில் கிடைக்காது. எனவே நாட்டைப் பிரித்து இரண்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருடம் முதல் பூமி தினம். கட்டுரை பாடநூலைத் தாண்டி அரசியலுக்குள் போயிற்று.

இளைய ஆய்வாளர்கள் விடவில்லை. காட்டுக்கு ஏது குறிக்கோள்? பரிணாமம் தனித்தனி உயிர்களின் மேல்தான் வேலை செய்கிறது, குளம் பிள்ளை பெறுவதில்லை. காட்டுத் தீ, புயல், வெள்ளம் எல்லாம் விதிவிலக்கல்ல, அவையே விதி என்றார்கள். டேனியல் சிம்பர்லாஃப் 1980லும், டேனியல் பாட்கின் 1990ல் ஒரு முழுப் புத்தகத்திலும் 'இயற்கையின் சமநிலை' என்ற எண்ணத்தையே உரித்துப் போட்டார்கள். ஓடம் முழுதாகப் பின்வாங்கவில்லை. ஆனால் பின்னாளில் எழுதியவற்றில் நிலையான சமநிலையைவிட, ஓதம் போல ஏறி இறங்கும் துடிப்பு பற்றிய பேச்சு அதிகமாயிற்று. புத்தகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1971ல் 574 பக்கங்களுடன் வந்த மூன்றாம் பதிப்பில் விண்வெளிப் பயணம்கூட இருக்கிறது. ஒரு விண்கலத்தில் மனிதனை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு பாசி வேண்டும் என்று கணக்குப் போட்டவர், பூமி அதை இலவசமாகச் செய்கிறது என்று நினைவூட்டினார். பொது வாசகர்களுக்காக எழுதிய சிறிய நூல் பிற்பாடு வேறு பெயரில் விரிந்து, 1997ல் 'எகாலஜி: எ பிரிட்ஜ் பிட்வீன் சயின்ஸ் அண்ட் சொசைட்டி' ஆயிற்று. மூத்த புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பு கேரி பாரெட்டுடன் சேர்ந்து எழுதியது. 2005ல் வந்தபோது ஓடம் உயிரோடு இல்லை.

இந்தியாவுக்கு அவர் வந்து சேர்ந்தது பாடத் திட்டம் வழியாக. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ராம்தேவ் மிஸ்ரா, இந்தியச் சூழலியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர், 1968ல் மாணவர்களுக்காக 'எகாலஜி வொர்க்புக்' எழுதினார். மிஸ்ராவின் மாணவர்கள் புல்வெளியிலும் குளத்திலும் இறங்கி அறுவடை செய்து எடைபோட்டார்கள். ஓடமின் கேள்விகளை இந்திய மண்ணுக்குக் கேட்ட காலம் அது.

பிறகு வந்தது நீதிமன்றம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22ல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்க உத்தரவிட்டது. திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும் என்றது அதே தீர்ப்புதான். பன்னிரண்டு வருடம் கழித்து, 2003ல் நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகே வேலை வேகம் பிடித்தது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளுக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. ஐம்பது வகுப்புகள். எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், களப்பணிக்கு 25. அதற்கான பாடநூலை எழுதியவர் எராக் பருச்சா. புனேயின் அறுவை சிகிச்சை மருத்துவர், காட்டுயிர்ப் புகைப்படக்காரர். இந்தியக் காடுகளைக் காலால் அளந்தவர் என்பது அந்த நூலின் பல பக்கங்களில் தெரியும். மானியக் குழு அதை இலவசமாகப் படிக்கக் கொடுத்தது. வணிகம் படிக்கும் மாணவரும் கணினி படிக்கும் மாணவரும் அன்றிலிருந்து இந்தத் தாளை எழுதித்தான் பட்டம் வாங்குகிறார்கள்.

ஜார்ஜியாவில் ஒருவர் கேட்டு, சிரிப்பை வாங்கிக்கொண்டு, நாற்பது ஐம்பது வருடம் எழுதி எழுதிச் சாதித்ததை இங்கே ஒரு தீர்ப்பு ஒரே நாளில் கொடுத்துவிட்டது. வாங்கிக்கொண்டதை வைத்து என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. அந்தப் பாடத் திட்டத்தின் கடைசி அலகு களப்பணி. அருகில் உள்ள குளம், ஆறு, மலைச்சரிவு போன்ற எளிய சூழல் மண்டலம் ஒன்றைப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஐந்து வகுப்பு நேரம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எத்தனை கல்லூரிகளில் மாணவர்கள் குளத்துக்குப் போகிறார்கள், எத்தனை கல்லூரிகளில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துக் குளத்தை வரைகிறார்கள் என்று பட்டம் வாங்கிய எவரையும் கேட்டால் சொல்வார்கள். பல ஊர்களில் போய்ப் பார்க்கக் குளமும் இல்லை. பேருந்து நிலையம் இருக்கிறது.

ஓடமுக்கு 1977ல் டைலர் பரிசு. 1987ல் தம்பியோடு சேர்ந்து சுவீடனின் கிராஃபோர்ட் பரிசு. நோபல் பட்டியலில் எகாலஜி இல்லாத குறையைப் போக்க வந்தது அது. மனைவி மார்த்தா ஓவியர். மூத்த மகன் வில்லியமும் சூழலியலாளர். ஃபுளோரிடாவின் சதுப்பு நிலக் காடுகளில் அலையாத்தி மரத்தின் உதிர்ந்த இலைதான் மீன்களுக்கெல்லாம் ஆதாரம் என்று காட்டியவர்களில் ஒருவர். ஒரே நாளில் யாரும் எடுக்காத முடிவு, நூறு சின்னச் சின்ன முடிவுகளாகச் சேர்ந்து ஒரு கரையை அழித்துவிடுகிறது என்று 1982ல் அவர் எழுதிய சிறு கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1991ல் தந்தைக்கு முன்பே இறந்துபோனார். யூஜின் ஓடம் 2002 ஆகஸ்ட் 10ல் காலமானார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 11ல் தம்பி.

எகாலஜியைக் கட்டாயப் பாடமாக்க முடியாது என்று சிரித்த அதே பல்கலைக்கழகம் 2007ல் எகாலஜிக்கென்றே ஒரு தனிக் கல்லூரியை ஏற்படுத்தி, அதற்கு ஓடமின் பெயரை வைத்தது.

ஏதன்ஸ் நகரில் மிடில் ஒகோனி ஆற்றங்கரையில் அவருக்கு 26 ஏக்கர் நிலம் இருந்தது. தான் போனபின் அதை விற்க வேண்டும், ஆனால் தான் போட்ட திட்டப்படிதான் வீடுகள் கட்ட வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். விற்ற பணம் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவிக்கும், அவர் பெயரிலும் மகன் பெயரிலும் உள்ள சூழலியல் நிதிக்கும். பார்க்க வருகிறவர்களிடம் தன் கையால் வரைந்த அந்த வரைபடத்தை எடுத்துக் காட்டுவது அவர் வழக்கம். வீடுகள் ஒரு பக்கமாக நெருங்கி நின்றன. நிலத்தில் பாதிக்கு மேல் மரங்களுக்கும் நடைபாதைக்கும் விடப்பட்டிருந்தது.